கடைசியில் அணையைக் கட்டத்தானே போகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "பெரிய அணை வேண்டாம் என்று பழங்குடி மக்களும் விவசாயிகளும் வருடக்கணக்கில் போராடுகிறார்கள். கடைசியில் அணையைக் கட்டத்தானே செய்கிறார்கள்? எங்காவது ஜெயித்திருக்கிறார்களா? இல்லை, இழப்பீட்டைக் கூட்டி வாங்கத்தான் இத்தனையுமா?" ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள், ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. போராட்டத்தால் அணை நின்றிருக்கிறதா, நிற்காதபோது போராடியவர்களுக்கு என்ன மிஞ்சியது, அவர்கள் உண்மையில் கேட்பது என்ன. முதல் கேள்விக்கு ஓரளவு திடமாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதுக்கு வருவதற்குள் பதில் கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூழ்கப்போகிற ஊர்களில் வீடு, நிலம், மரம், ஆள் என்று கணக்கெடுப்பது, பல வருடம் கழித்துப் போய் மறுகுடியமர்வு எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது, இதுதான் 20 வருடத்துக்கு மேலாக என் வேலை. நான் கொடி பிடித்தவன் கிடையாது. பெரும்பாலும் கொடி பிடித்தவர்கள் ஊருக்குள் விடாமல் தடுத்தது என்னைத்தான். அதனால் போராட்டத்தை நான் பார்த்தது தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கமிருந்து. அந்தப் பக்கம் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எனக்குப் பிற்பாடு சொன்னவர்கள் உண்டு, ஆனால் அது கேட்ட கதைதான்.

சரி, முதல் கேள்வி. ஜெயித்திருக்கிறார்கள். ஜார்க்கண்டில் தென் கோயல், காரோ என்ற இரண்டு ஆறுகளில் 710 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று 1970-களில் வந்தது. முண்டா மக்கள் அதை 30 வருடம் போல எதிர்த்தார்கள். சாலையில் தடுப்புக் கட்டை போட்டு, எந்த வண்டி உள்ளே வருகிறது என்று ஊரே காவல் காத்தது. 2001 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்கராவில் போலீஸ் சுட்டதில் 8 பேர் செத்தார்கள். 2003-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில், சிக்கோ ஆற்றில் உலக வங்கிப் பணத்தை எதிர்பார்த்து 4 அணைகள் திட்டமிட்டார்கள். கலிங்கா, பொன்டாக் மக்கள் எதிர்த்தார்கள். அவர்களில் ஒரு தலைவரான மக்லி-இங் துலாகை 1980 ஏப்ரல் 24 அன்று ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். உலக வங்கி விலகியது, அணைகளும் வரவில்லை. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் கிரேட் வேல் திட்டத்தை எதிர்த்து, 1990-ல் கிரீ மக்களும் இனுயிட் மக்களும் ஒரு படகில் நியூயார்க் வரை போனார்கள். ஏன் நியூயார்க்? மின்சாரத்தை வாங்குவதாக இருந்தது அந்த மாநிலம்தான். 1992-ல் நியூயார்க் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, 1994-ல் கியூபெக் முதல்வர் திட்டத்தையே பரணில் போட்டார். மலேசியாவின் சரவாக்கில் பாராம் அணைக்கு எதிராக 2013 அக்டோபரில் காட்டுச் சாலையில் தடுப்பு போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அணை வந்திருந்தால் 20,000 பேர் வரை வெளியேற வேண்டியிருக்கும். தடுப்பு இரண்டு வருடத்துக்கு மேல் நின்றது. 2016-ல் கையகப்படுத்திய நிலத்தின் அறிவிக்கையையே அரசு திரும்பப் பெற்றது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நான்கிலும் ஆற்றின் குறுக்கே பிரதான சுவர் எழும்பவில்லை. சண்டை நடந்ததெல்லாம் சர்வே, சாலை, கடன், ஒப்பந்தம் என்ற கட்டத்தில். இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அணையை நிறுத்தலாம், ஊற்றிய பிறகு உயரத்தைப் பற்றித்தான் பேச முடியும். விதிவிலக்கு உண்டு. மியான்மரின் மைட்சோன் அணையில் வேலை தொடங்கிய பிறகுதான் 2011 செப்டம்பரில் நிறுத்தினார்கள். அதற்குள் சில ஊர்களைக் காலி செய்தும்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் அப்படி என்று கேட்டால், அணை கட்டும் முறையிலேயே பதில் இருக்கிறது. முதலில் சாலை, பணியாளர் குடியிருப்பு. அப்புறம் மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பிவிட ஒரு சுரங்கம். அப்புறம் தற்காலிகத் தடுப்பணை போட்டு ஆற்றுப் படுகையை உலர்த்தி அடித்தளம் தோண்டுவது. சுவர் என்று நாம் படத்தில் பார்ப்பது அதற்குப் பிறகுதான் எழும்புகிறது. அந்த நேரத்தில் கடனில் பெரிய பகுதி கைமாறியிருக்கும், வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். ஒப்பந்தக்காரரின் இயந்திரம் ஒரு நாள் சும்மா நின்றால்கூட யாரோ பணம் கட்ட வேண்டும். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற வாதத்துக்கு முன்னால் ஊர்க்காரர் சொல்வது எதுவும் எடுபடாது. 1934-லிருந்து 2007 வரை கட்டிய 245 பெரிய அணைகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆக்ஸ்போர்டு ஆய்வு 2014-ல் வந்தது. செலவு, முதலில் போட்ட மதிப்பீட்டைவிடச் சராசரியாக 96 சதவீதம் கூடியிருந்ததாம். அணை லாபமா நஷ்டமா என்று எல்லோரும் கணக்குப் பார்ப்பது முதலில் போட்ட மதிப்பீட்டை வைத்து. நிறுத்தக் கூடாது என்று வாதாடும்போது காட்டுவது வளர்ந்துபோன செலவை. எனக்கு இது எப்போதுமே வேடிக்கையாக இருக்கும்.

அதனால்தான் ஊர்க்காரர்கள் பல இடங்களில் மறிப்பது புல்டோசரை இல்லை, சர்வேயரை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியும். பாவம், அளக்க வந்தவன், அவன் என்ன செய்வான் என்று. அளக்க வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் சரியான ஆளைத்தான் மறித்தார்கள். சிக்கோவில் பெண்களே போய் சர்வே கூடாரங்களைப் பிரித்துப் போட்டார்கள். அதோடு, கலிங்கா ஊர்களுக்குள் பழிவாங்கல் சண்டை வராமல் இருக்க போடொங் என்று ஒரு சமாதான உடன்படிக்கை முறை காலங்காலமாக உண்டு. வழக்கமாக இரண்டு ஊர்களுக்கு இடையில் செய்துகொள்வது. 1975-ல் அதை எல்லா ஊர்களுக்குமாக விரித்து, அணை வேலைக்குப் போகிறவருக்கு அந்த உடன்படிக்கையின் காப்பு கிடையாது என்று சேர்த்தார்கள். புதிதாகச் சங்கம் எதுவும் தொடங்கவில்லை பாருங்கள். கையிலிருந்த பழைய ஏற்பாட்டையே நீட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வருகிற ஆதரவாளர்களுக்குப் பெரும்பாலும் பிடிபடாத விஷயம் இது.

சர்வே என்றால் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். அணையின் பெயர் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கையில் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட், ஒரு தூரிகை, ஒரு கட்டுப் படிவம். வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் எண் எழுத வேண்டும், உள்ளே போய்ப் படிவத்தை நிரப்ப வேண்டும். கூரை ஓடா கீற்றா, சுவர் மண்ணா செங்கல்லா, பழ மரம் எத்தனை, பிற மரம் எத்தனை. ஆற்றங்கரையில் ஒருவர் இருந்தார். வெள்ளம் வடிந்ததும் மணல் திட்டில் குழி பறித்து, எரு போட்டு, வெள்ளரியும் தர்பூசணியும் வைப்பார். நாலு மாதம் அதுதான் குடும்பத்துக்குச் சோறு. அடுத்த வெள்ளத்தில் திட்டு இடம் மாறிவிடும், அவரும் மாறுவார். "இதை எங்கே எழுதுவீங்க?" என்றார். படிவத்தில் புஞ்சை, நஞ்சை, தரிசு என்று மூன்று கட்டம் இருந்தது. எனக்கு அவசரம், இன்னும் பதினாறு வீடு பாக்கி. ஆற்றுப் புறம்போக்கு, தரிசு என்று எழுதினேன். தரிசுக்கு இழப்பீடு கிடையாது. எழுதும்போது அது எனக்குத் தெரியும்.

இந்த மாதிரிப் படிவத்தில் விழாமல் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல்தான் வரும். மீன்பிடிக்கிறவர், பட்டா இல்லாமல் காட்டு நிலத்தில் உழுகிறவர், குத்தகைக்காரர், விதவைகள், மேய்ச்சல்காரர், அணைக்குக் கீழே ஆற்றை நம்பி இருக்கிறவர். கால்வாய்க்கும் குடியிருப்புக்கும் எடுத்த நிலத்தில் இருந்தவர்களைப் பல திட்டங்களில் இடம்பெயர்ந்தவர் என்றே சேர்ப்பதில்லை. நர்மதை ஆற்றில் குஜராத்தில் கட்டிய சர்தார் சரோவர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் சுமார் 6,000 குடும்பங்கள் என்று இருந்த மதிப்பீடு 1992 வாக்கில் 40,000 குடும்பங்களாகிவிட்டது. புதிதாக யாரும் போய்க் குடியேறவில்லை. முதலில் எண்ணவில்லை, அவ்வளவுதான். உலக அளவில் பெரிய அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடியிலிருந்து 8 கோடி என்று உலக அணைகள் ஆணையம் 2000-ல் எழுதியது. ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் 4 கோடி வித்தியாசம்! எண்ணாமல் விட்டதன் அளவு அது. இதில் எந்த முனை உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கணக்கெடுக்க விடாமல் தடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. போராட்டக்காரர்கள் மேடையில் இதைப் பேசுவதில்லை. தடுத்தும் அணை வந்துவிட்டால்? பட்டியலில் பேர் இருக்காது. பேர் இல்லாவிட்டால் மனை இல்லை, நிலம் இல்லை. எண் எழுத அனுமதித்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், மறுத்தால் வெறுங்கையோடு போக நேரலாம். ஒரே வீட்டில் அண்ணன் மறுத்து தம்பி கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இருவரும் கலந்து பேசித்தான் அப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எது நடந்தாலும் ஒருத்தராவது தப்பிக்கட்டும் என்று.

பட்டியலில் பேர் இருந்தும் பயனில்லாமல் போன இடமும் உண்டு. குவாத்தமாலாவில் சிஷோய் அணை. உலக வங்கியும் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தவை. ரியோ நீக்ரோ என்ற மாயா ஆச்சி ஊர், தங்களுக்குத் தந்த வாக்குறுதிகளையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. 1980-ல் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள் என்று ஊரின் பிரதிநிதிகள் இரண்டு பேர் போனார்கள். அவர்களுடைய உடல்கள்தான் கிடைத்தன. பதிவேடு கிடைக்கவேயில்லை. 1982 மார்ச் 13 அன்று ராணுவமும் துணைப்படையும் அந்த ஊரின் 70 பெண்களையும் 107 குழந்தைகளையும் கொன்றன. இழப்பீட்டு ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட்டது 2014-ல். இதைப் படித்த பிறகு, ஊர்க்காரர் எவராவது என் கையிலிருக்கும் படிவத்தின் நகல் கேட்டால் நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அணை நிற்காவிட்டால் என்ன மிஞ்சும்? இதற்கு நர்மதையைவிட, அதாவது மேலே சொன்ன அந்தச் சர்தார் சரோவரைவிட, நல்ல உதாரணம் இல்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1979 டிசம்பரில் நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பிலேயே நிலத்துக்கு நிலம் என்று இருந்தது. நிலம் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர், வயது வந்த மகனைத் தனிக் குடும்பமாக எண்ண வேண்டும், மூழ்குவதற்கு முன்பே இதெல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும். தாளில் அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் பட்டா இல்லாமல் காட்டு நிலத்தில் உழுத பழங்குடிகளுக்கு அதில் இடமில்லை. குஜராத்தில் ஆர்ச் வாஹினி என்ற அமைப்பு அவர்களுக்காகப் பல வருடம் போராடி, 1987-ல் அந்த மாநில அரசு அவர்களுக்கும் நிலம் என்று ஒப்புக்கொள்ளும்படி செய்தது. அதற்குப் பிறகு அந்த அமைப்பு, இனி நிலத்தை ஒழுங்காக வாங்கிக் கொடுப்பதுதான் வேலை என்று அணை எதிர்ப்பிலிருந்து விலகிக்கொண்டது. மேதா பட்கரும் மற்றவர்களும் நடத்திய நர்மதா பச்சாவ் ஆந்தோலன் அணையே வேண்டாம் என்ற நிலைக்குப் போனது. இரு தரப்புக்கும் இடையில் கசப்பு இன்றுவரை தீரவில்லை. யார் சரி என்று என்னைக் கேட்டால், குஜராத்தில் நிலம் கிடைத்தவர்களைப் பார்க்கும்போது ஒன்று தோன்றும், மத்தியப் பிரதேசத்தில் கிடைக்காதவர்களைப் பார்க்கும்போது இன்னொன்று தோன்றும்.

1985-ல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 1991-ல் வங்கி தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு திட்டத்தை வெளியார் கொண்டு ஆராய வைத்தது. பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையிலான அந்தக் குழு 1992-ல், இந்த நிலையில் முறையான மறுகுடியமர்வு சாத்தியமில்லை, வங்கி ஓரடி பின்னால் வர வேண்டும் என்று எழுதிவிட்டது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொன்னது. அதே வருடம் உலக வங்கியில் ஆய்வுக் குழு என்று ஒரு நிரந்தர ஏற்பாடு வந்தது. வங்கிப் பணத்தில் நடக்கிற வேலையால் பாதிக்கப்பட்டவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே நேராகப் புகார் கொடுக்கலாம். அந்த அணை நீரில் மூழ்கவிருந்த மணிபேலி கிராமத்துக்காரர் தன் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று நின்றதற்கும், வேறு கண்டத்தில் இருக்கும் சிலர் இன்று புகார் எழுதுவதற்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. மணிபேலி என்னவோ மூழ்கத்தான் மூழ்கியது.

அணையின் கதை அப்புறம் நீதிமன்றத்துக்குள் போனது. 1995-ல் வேலை நின்றது. 2000 அக்டோபர் 18 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் தொடரலாம் என்றார்கள், நீதிபதி பரூச்சா மட்டும் மறுத்து எழுதினார். தீர்ப்பில், உயரத்தைக் கூட்டுவதும் மறுகுடியமர்வும் ஒன்றுக்கொன்று சமமாகப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. வெளியூர்க்காரருக்கு இது வெறும் வாசகம். உள்ளே இருப்பவருக்கு அதுதான் பிடி. ஒவ்வொரு முறை உயரம் கூட்டும்போதும், இந்த மட்டத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு நிலம் எங்கே என்று கேட்க முடிந்தது. 2006-ல் 121.92 மீட்டர். 2017-ல் மதகுகளோடு 138.68 மீட்டர். இடையில் மத்தியப் பிரதேசத்தில் இழப்பீட்டுப் பணத்தைப் போலிப் பத்திரங்கள் விழுங்கியது நீதிபதி ஜா ஆணையத்தின் விசாரணையில் வெளியே வந்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அதுவரை நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2019 செப்டம்பரில் அணை முதல் முறையாக முழு மட்டத்துக்கு நிரம்பியது. அந்தத் தண்ணீர் குஜராத்தின் வறண்ட பகுதிகளுக்குக் குடிநீராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடிக்கிற அம்மாவிடம் போய் இந்த அணை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூழ்கிய ஊர்க்காரரிடம் போய் எல்லாம் நாட்டு நன்மைக்கு என்று சொல்லவும் வராது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, இழப்பீட்டைக் கூட்டத்தானா என்பது. 60 லட்சம் என்று நான் எழுதியதும் உங்களுக்கு அது நினைவுக்கு வந்திருக்கும். அந்தப் பணம் வந்தது நிலம் கேட்டு, நிலம் கிடைக்காததால். நான் கணக்கெடுத்த ஊர்களில் பணம் வேண்டாம், நிலம் கொடு என்று கேட்டவர்கள்தான் அதிகம். பணம் கேட்டவர்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. யார் கேட்டார்கள் என்று பார்த்தால் புரியும். 1921-ல் புனே அருகே முல்ஷியில் டாடா நிறுவனம் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது, சேனாபதி பாபட் தலைமையில் மாவளி விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள். பெரிய அணைக்கு எதிரான மிகப் பழைய போராட்டங்களில் ஒன்று அது. நிலத்தின் பத்திரம் யாரிடம் இருந்தது என்றால், புனேயில் இருந்த நிலக்கிழார்களிடமும் வட்டிக்குக் கொடுத்தவர்களிடமும். அவர்கள் நல்ல விலை கிடைத்தால் போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். உழுதவன் கையில் பத்திரமும் இல்லை, பணமும் வரவில்லை. போராட்டம் உடைந்தது, அணை வந்தது. நூறு வருடம் ஆகியும் இந்த விரிசல் அப்படியே இருக்கிறது. ஊர் என்று நாம் ஒருமையில் சொல்கிறோம், உள்ளே இரண்டு மூன்று ஊர் இருக்கும். விலை பேசுகிறவர்களின் குரல் பெரும்பாலும் மேல்தெருவிலிருந்து வரும், நகர மாட்டேன் என்கிற குரல் ஆற்றோரத்திலிருந்து வரும். செய்தியாளர் முதலில் சந்திப்பது மேல்தெருவை.

பாராம் மக்கள் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதற்கும் இதில் பதில் உண்டு. அதே சரவாக்கில் பாகுன் அணைக்காக 1990-களின் கடைசியில் சுமார் 10,000 பேரை சுங்கை அசாப் என்ற இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போன சொந்தக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும். ஆகவே என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால், பத்து வருடம் முன்னால் குடியேற்றிய ஊருக்கு ஒரு நாள் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். மாதிரி வீட்டைப் பார்க்க வேண்டாம். கடையில் உட்கார்ந்து கடன் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள்.

அணை கட்டிய பிறகு நடந்த போராட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்தின் பாக் முன். 1994-ல் கட்டி முடித்த அணை. மீன் ஏறிவரும் வழி அடைபட்டது. மீனவர்கள் விடாமல் போராடி, 1997-ல் பாங்காக்கில் 99 நாள் உட்கார்ந்து, கடைசியில் 2001-ல் ஆய்வுக்காக ஒரு வருடம் மதகுகளைத் திறக்க வைத்தார்கள். அந்த ஆய்வை நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடவில்லை. மீனவர்களே தினமும் வலையில் விழுந்ததை எடுத்து, பெயர், எடை, எந்தப் பாறை மடுவில் கிடைத்தது என்று குறித்தார்கள். 150-க்கும் மேற்பட்ட மீன் வகைகள் திரும்பி வந்ததைப் பதிவு செய்தார்கள். ஊர்க்காரர்களின் ஆராய்ச்சி என்ற பொருளில் தாய் பான் ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். அரசு கடைசியில் வருடத்துக்கு நான்கு மாதம் மட்டும் திறக்கிறேன் என்றது. அரைகுறைதான். ஆனால் என் போன்றவர்கள் தரிசு என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில், தங்கள் கணக்கைத் தாங்களே எழுதியிருந்தார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதது எது என்றும் சொல்லிவிட வேண்டும். நின்றுபோன அணைகள் போராட்டத்தால் மட்டும்தான் நின்றனவா? இதை யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. பாராம் நின்ற நேரத்தில் சரவாக்கில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, ஏற்கெனவே கட்டிய அணைகளின் மின்சாரத்துக்கே ஆள் தேட வேண்டியிருந்தது. மைட்சோன் நின்றபோது நாட்டின் அரசியலே மாறிக்கொண்டிருந்தது. என் கணிப்பு இது: போராட்டம் திட்டத்தைத் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்துக்குள் விலை ஏறுகிறது, ஆட்சி மாறுகிறது, கடன் கொடுத்தவர் யோசிக்கிறார். நிறுத்தியது எது என்று கேட்டால் இவை எல்லாமும்தான். தாமதம் இல்லாமல் மற்றவற்றுக்கு நேரமே கிடைத்திருக்காது என்பதுவரை நான் சொல்லத் துணிவேன்.

நின்றது நின்றதுதானா என்பது அதைவிடச் சங்கடமான கேள்வி. பிரேசிலில் ஷிங்கு ஆற்றில் திட்டமிட்ட அணைக்கு எதிராக 1989 பிப்ரவரியில் அல்தமீராவில் பெரிய கூட்டம் நடந்தது. துயிரா என்ற கயாப்போ பெண், மின்வாரிய அதிகாரியின் கன்னத்தில் வெட்டுக்கத்தியின் தட்டையான பக்கத்தை வைத்து அழுத்தினார். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. உலக வங்கிக் கடன் வரவில்லை, திட்டம் முடங்கியது. ஜெயித்தாயிற்று என்று எல்லோரும் எழுதினார்கள். அதே திட்டம் உருமாறி பெலோ மோன்டே என்ற பெயரில் திரும்பி வந்தது. 2011-ல் வேலை தொடங்கி 2016-ல் மின்சாரம் எடுத்தார்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் வீடு இழந்தார்கள். ஆற்றில் ஒரு தடவை அணைக்கு இடம் குறித்துவிட்டால் அந்த வரைபடம் எந்த அலமாரியிலிருந்தும் காணாமல் போவதில்லை.

ஆட்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்க்காமல் ஜெயித்தார்கள் தோற்றார்கள் என்று பேசுவது சரியில்லை. ஹோண்டுராஸில் அகுவா சார்கா அணையை எதிர்த்து லென்கா மக்களோடு நின்றவர் பெர்தா காசெரெஸ். சீனாவின் சினோஹைட்ரோ நிறுவனம் 2013-ல் விலகியது. 2015-ல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. 2016 மார்ச்சில் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு நெதர்லாந்து, பின்லாந்து வளர்ச்சி வங்கிகளும் வெளியேறின, அணை வரவில்லை. உங்கள் முதல் கேள்விக்கான பட்டியலில் இதையும் ஜெயித்ததாகத்தான் நான் எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை, அதனால் இங்கே தள்ளி வைத்தேன்.

செய்தியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் மத்தியப் பிரதேசத்தின் ஓம்காரேஷ்வர் அணை நீர்ப்பிடிப்பில் கோகல்காவ் மக்கள் 17 நாள் தண்ணீரில் நின்றார்கள். பாதத்துத் தோல் வெளுத்து உரிந்தது. அரசு நீர்மட்டத்தைக் குறைத்து, நிலம் தருவதாக ஒப்புக்கொண்டது. காட்டிய நிலம் உழ லாயக்கில்லை என்று 2015-ல் மறுபடி 32 நாள் நின்றார்கள். பார்க்கிறவருக்கு இதுதான் போராட்டத்தின் உச்சம். என் கண்ணுக்கு அது, முந்தைய 20 கட்டங்களில் யாரும் காது கொடுக்காததால் வந்து சேர்ந்த கடைசிப் படி. அணை நிற்குமா நிற்காதா என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் நிற்பவர்களைப் பார்ப்பதைவிட, சுவர் எழும்புவதற்கு ஐந்து வருடம் முன்னால் அந்த ஊர்ச் சாலையில் தடுப்புக் கட்டை இருந்ததா என்று விசாரிப்பது மேல்.

தர்பூசணிக்காரரைப் பற்றிப் பாதியில் விட்டேன். அவருடைய ஊர் மூழ்கிச் சில வருடம் கழித்து, வேறொரு ஆற்றில், வேறொரு திட்டத்துக்கு அதே படிவத்தோடு போனேன். அந்த ஊர்ப் பெண்கள் மூன்று முறை படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஆற்று மணலில் நாங்கள் போடுகிற பயிருக்குக் கட்டம் இல்லாத தாளில் கைநாட்டு கிடையாது என்றார்கள். வேலை எட்டு மாதம் நின்றது. மேலதிகாரிகளுக்கு எழுதினோம், முதலில் வசவு விழுந்தது, பிறகு படிவம் மாறி வந்தது. இப்போது நாங்கள் பயன்படுத்துவதில் ஏழாவது பக்கத்தில் "ஆற்றுப்படுகைப் பருவச் சாகுபடி" என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை குழி, என்ன பயிர், எத்தனை மாதம். அவருக்கும் ஏதாவது கிடைக்குமா என்று அந்தப் பழைய திட்டத்தில் விசாரித்துப் பார்த்தேன். முன்தேதியிட்டுக் கொடுக்க விதி இல்லை என்று பதில் வந்தது.